பாய்மரம் இல்லாத பாய்மரப் படகு

காருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லக்கூடிய சிறிய பாய்மரப் படகுகள் அமெரிக்காவில் 1960-களிலிருந்து பெருகத் தொடங்கின. பெரும்பாலும் 20 முதல் 26 அடி நீளம். அகலம் எட்டரை அடிக்குள் இருக்கும். அதைத் தாண்டினால் அந்நாட்டு நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்லத் தனி அனுமதி வாங்க வேண்டும். உள்ளே நான்கு பேர் படுக்கலாம். சிறிய அடுப்பும், தூக்கிச் சென்று கொட்டிக் கழுவும் கழிப்பறையும் இருக்கும். பின்பலகையில் ஒரு சிறிய அவுட்போர்டு மோட்டார். துறைக்குள் நுழையவும் காற்று ஓய்ந்தால் கரை சேரவும்தான் இந்த மோட்டார், பயணத்துக்குப் பாய்.

இத்தகைய படகின் பாய்மரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் நம்பிப் பயணம் போகிறவர்களும் இருக்கிறார்கள். கால்வாயிலும் ஆற்றிலும் நாள்கணக்கில் மெதுவாகச் சென்று, இரவில் படகிலேயே தங்குவது இவர்கள் வழக்கம். அதே வசதிகளோடு ஒரு விசைப்படகு வாங்குவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு. பாய் கிழிந்து கம்பிகள் துருவேறிய பழைய படகு மலிவாகக் கிடைக்கும். ஆனால், பாய்மரம் பாயைத் தாங்கும் வேலையோடு நிற்பதில்லை. அதைக் கழற்றியதும் படகு ஆடும் விதம், விளக்கு, வானொலி, ஆபத்தில் கைகொடுக்கும் மாற்றுவழி என்று பலவும் மாறிவிடுகின்றன.

ஏன் கழற்றுகிறார்கள்?

முதல் காரணம் பாலங்கள். நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைக்கும் இக்கால்வாய் முதலில் 1825-இல் திறக்கப்பட்டது. இன்று புழக்கத்தில் இருப்பது 1918-இல் திறக்கப்பட்ட அகலமான வடிவம். நீளம் சுமார் 540 கிலோமீட்டர். இதன் கிழக்குப் பகுதியில் பாலங்களுக்கு அடியில் 21 அடி உயரம் கிடைக்கிறது. மேற்குப் பகுதியில் அது பதினைந்தரை அடியாகக் குறைந்துவிடுகிறது. 22 அடிப் படகு ஒன்றின் பாய்மர உச்சி, நீர்மட்டத்திலிருந்து 25 அடிக்கு மேல் இருக்கும். அதனால் பாய்மரத்தைச் சாய்க்காமல் இக்கால்வாயைக் கடக்க வழியில்லை. அட்லாண்டிக் கரை, பேரேரிகள், மிசிசிப்பி ஆற்றுத் தொகுதி வழியாகக் கிழக்கு அமெரிக்காவைச் சுற்றிவரும் 'கிரேட் லூப்' பயணத்திலும் இப்படி ஒரு தடை உண்டு. சிகாகோவுக்குத் தெற்கே சுமார் பத்தொன்பதரை அடி உயரத்தில் ஒரு நிலைப்பாலம் இருக்கிறது. அதைச் சுற்றிப் போக வேறு பாதை கிடையாது.

இரண்டாவது காரணம் உழைப்பு. டிரெய்லர் படகின் பாய்மரம் ஒவ்வொரு முறையும் கரையில் நிமிர்த்தப்பட வேண்டும். பக்கத்துத் தாங்கு கம்பிகளைச் சிக்கெடுத்து, அடிப்பாகத்தைக் கூரைமேல் உள்ள கீலில் பொருத்தி, ஒருவர் தூக்க இன்னொருவர் முன்கம்பியைப் பிடித்து இழுத்து மாட்ட வேண்டும். பழகியவர்களுக்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதியவர்களுக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். இடையில் கம்பி ஒன்று எங்காவது சிக்கிக்கொண்டால், பாய்மரம் பக்கவாட்டில் சரிந்து கூரையையோ ஆளையோ பதம் பார்த்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து மின்கம்பி. அலுமினியப் பாய்மரம் படகுத்துறைக்கு மேலே செல்லும் மின்கம்பியில் பட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. பாய்மரமே இல்லையென்றால், டிரெய்லரைச் சாய்தளத்தில் பின்னுக்குத் தள்ளிப் படகை நீரில் இறக்கிய சில நிமிடங்களிலேயே கிளம்பிவிடலாம்.

மூன்றாவது, இடம். பாய்க்கழியும் கம்பிகளும் இல்லாத படகில் உட்காரும் குழிக்கு மேல் முழு நீளத்துக்கு வெயில் மறைப்புக் கட்டலாம். சூரியத் தகடுகளைக் கூரையில் விரிக்கலாம். எதிர்க்காற்றில் செல்லும்போது பாய்மரமும் கம்பிகளும் தரும் தடையும் மிச்சம்.

வேகமும் எரிபொருளும்

பாய்மரத்தைக் கழற்றிவிட்டால் படகு விரைந்தோடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இவ்வகைப் படகுகளில் பெரும்பாலானவை நீரைப் பிளந்து விலக்கிச் செல்லும் வடிவம் கொண்டவை. படகு வேகமெடுக்கும்போது அதுவே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர்மட்டத்தில் அளக்கும் படகின் நீளத்தை எட்டியதும், படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் பின்புறம் அமிழச் சிக்கிக்கொள்கிறது. இந்த எல்லையைக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், வேகம் 'நாட்' அளவில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்.

கேட்டலினா 22 என்ற படகை எடுத்துக்கொள்ளலாம். ஃபிராங்க் பட்லர் வடிவமைத்து, 15,000-க்கும் மேல் கட்டப்பட்ட இப்படகு, டிரெய்லர் பாய்மரப் படகுகளில் மிகப் பரவலானவற்றில் ஒன்று. எடை சுமார் 1,130 கிலோ. நீர்க்கோட்டு நீளம் 19.3 அடி. விதிப்படி இதன் எல்லை வேகம் 5.9 நாட், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். இதற்குச் சற்றுக் கீழே, 5 நாட் வேகத்தில் செல்ல மூன்று, நான்கு குதிரைத்திறன் போதும். மோட்டாரை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது அரை நாட்டுக்கு மேல் போகாது. எரிபொருள் மட்டும் இரட்டிப்பாகும். 20 குதிரைத்திறன் மோட்டாரை மாட்டினால், பின்பலகை அதன் எடையிலேயே தாழ்ந்து, முழு விசையில் இன்னும் அமிழும்.

மெதுவாகச் செல்ல இசைந்துவிட்டால் செலவு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைகிறது. அவுட்போர்டு மோட்டார் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.4 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். நான்கு குதிரைத்திறன் என்றால் ஒன்றரை லிட்டர். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு லிட்டருக்கு 6 கிலோமீட்டர் ஆகிறது. இந்தக் கணக்கில் ஈரி கால்வாயின் முழு நீளத்துக்கும் 90 லிட்டர் பெட்ரோலும் 60 மணி நேர ஓட்டமும் போதும். கால்வாயின் பெரும்பகுதியில் வேக வரம்பே மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர்தான். அங்கே வேகப்படகு வைத்திருப்பவருக்கும் அதனால் பெரிய ஆதாயம் இல்லை.

நீர்க்கோட்டு நீள விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் ரோஜர் மக்ரெகரின் நிறுவனம் 1990-களின் நடுவில் வெளியிட்ட மக்ரெகர் 26எக்ஸ், பாய்மரப் படகும் விசைப்படகும் கலந்த பிறவி. அதன் அடிப்புறம் பின்பகுதியில் தட்டையாக இருப்பதால், 50 குதிரைத்திறன் மோட்டாரோடு நீரின் மேல் எழும்பி, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் பாயும். அதன்பின் வந்த 26எம் வகை 2013-இல் அந்நிறுவனம் மூடும்வரை விற்பனையானது. பாய்மரம் இல்லாத பயணத்துக்கு அதிகம் நாடப்படும் படகுகள் இவை. ஆனால், அந்த வேகத்தில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்ற கணக்கு செல்லாது.

ஏற்ற மோட்டார்

கனமான படகை மெதுவாகத் தள்ளுவதற்கென்றே செய்யப்பட்ட அவுட்போர்டுகள் சந்தையில் உண்டு. இவற்றின் பல்சக்கர விகிதமோ விசிறியோ, சில மாதிரிகளில் இரண்டுமோ இதற்கென மாற்றப்பட்டிருக்கும். விசிறி பெரியதாக, குறைந்த சாய்வோடு இருக்கும். வேகத்துக்குப் பதில் உந்து விசையையும், நிறுத்தும்போது பின்னுக்கு இழுக்கும் வலுவையும் தரும். தண்டின் நீளமும் முக்கியம். பாய்மரப் படகின் பின்பலகை உயரமானது. 20 அங்குலத் தண்டு வேண்டும். பல படகுகளுக்கு 25 அங்குலமே பொருந்தும். தண்டு குட்டையாக இருந்தால், அலையில் பின்புறம் உயரும்போதெல்லாம் விசிறி காற்றில் சுழன்று மோட்டார் அலறும்.

திருப்புவதிலும் ஒரு சங்கதி உண்டு. பெரிய படகில் விசிறி தள்ளும் நீர் சுக்கான் மீது பாயும். அதனால் நின்ற இடத்திலும் திரும்பலாம். இங்கே மோட்டார் ஒரு பக்கமும் சுக்கான் ஒரு பக்கமும் இருக்கும். மெதுவாகச் செல்லும்போது சுக்கானுக்குப் பிடிப்பு இருக்காது. மோட்டாரையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். இதற்காகப் பலர் சுக்கான் பிடியையும் மோட்டாரையும் ஒரு தண்டால் இணைத்துவிடுகிறார்கள்.

ஆட்டத்தை மாற்றும் எடை

பாய்மரம் போனதும் படகில் முதலில் உணரப்படும் மாற்றம் அதன் ஆட்டம். உயரத்தில் இருந்த எடை போய்விட்டதால் படகு அமைதியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. ஈர்ப்பு மையம் தாழ்வதால் படகு சாய மறுப்பது உண்மைதான். ஆனால், சாய்ந்த படகு வெடுக்கென்று நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மீண்டும் நிமிர்கிறது. ஆட்டத்தின் வீச்சைவிட அதன் வேகமே வயிற்றைப் புரட்டுகிறது.

காரணம் சுழற்சித் தடை. ஒரு பொருள் சுழலத் தயங்கும் அளவு, எடையை அச்சிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. கம்பிகளோடு சேர்ந்து பாய்மரம் 30 கிலோ என்றும், அது சராசரியாக அச்சிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்றும் வைத்துக்கொண்டால், பெருக்குத்தொகை 750. அதே 30 கிலோவை அச்சிலிருந்து அரை மீட்டர் தொலைவில் உள்ளறையில் வைத்தால் ஏழரை. நூறில் ஒரு பங்கு. கம்பிமேல் நடக்கும் கழைக்கூத்தாடி கையில் நீண்ட கழியைப் பிடிப்பது இதே கணக்கில்தான்: கழி அவரைத் தாங்குவதில்லை, அவர் சாயும் வேகத்தைக் குறைத்து, சமாளிக்க நேரம் வாங்கித் தருகிறது.

கரைகாணாக் கடலில் இது வசதிக்குறைவோடு முடிவதில்லை. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தின்போது வீசிய புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். அதையடுத்துப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படகு கவிழ்வது பற்றி விரிவான ஆய்வுகள் நடந்தன. மாதிரிப் படகுகள் மேல் உடையும் அலைகளை மோதவிட்டுப் பார்த்ததில், பாய்மரம் இழந்த படகு எளிதாகக் கவிழ்வது தெரியவந்தது. அலையின் திடீர் அடியைத் தாமதப்படுத்தப் பாய்மரத்தின் சுழற்சித் தடை இல்லாமற்போனதே காரணம். ஆகவே பாய்மரமற்ற சிறு படகுக்கு உரிய இடம் கால்வாய், ஆறு, காற்றடங்கிய ஏரி, உப்பங்கழி ஆகியவை. அலை உடையும் முகத்துவாரமும் திறந்த கடலும் அதற்கு ஆகாது.

ஆட்டத்தைத் தணிக்க வழிகள் உண்டு. தூக்கி இறக்கும் அடிக்கட்டை உள்ள படகில், ஆழம் இருக்கும் இடத்தில் அதை ஓரளவு இறக்கிவைத்தால், அது நீரைத் தள்ளி ஆட்டத்தைக் குறைக்கும். காற்று முன்புறத்தை அலைக்கழிக்காமலும் பிடித்துவைக்கும். பக்க அலையை நேராக வாங்காமல் சற்றுக் கோணத்தில் எதிர்கொள்வது இன்னொரு வழி.

பாய் இல்லாததால் அடிப்பாரமும் தேவையில்லை என்று முடிவுகட்டுவது ஆபத்து. இரும்பு அடிக்கட்டையைக் கழற்றினால், உயரமான கூரையும் குறுகிய உடலும் கொண்ட படகு, நாலு பேர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலே தடுமாறும். மக்ரெகர் படகுகளில் அடிப்பாரத்தின் பெரும்பகுதி தண்ணீர். 26எக்ஸ் வகையில் 600 கிலோவுக்கு மேல். படகு நீரில் இறங்கிய பின் தொட்டி நிரம்பும், கரையேறும்போது வடிந்துவிடும். தொட்டியைக் காலியாக வைத்து மோட்டாரில் ஓட்டத் தயாரிப்பாளர் அனுமதித்தது, பாய் இறக்கிய நிலையில், சில பேரோடு, அலையற்ற நீரில் மட்டுமே. மற்ற நேரங்களில் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். பாதி நிரம்பிய தொட்டி, தண்ணீர் ஒரு பக்கமாகத் தளும்பும் என்பதால், காலித் தொட்டியைவிடவும் மோசம்.

விளக்கும் வானொலியும்

கடல் போக்குவரத்து விதிகளின்படி, மோட்டாரில் ஓடும் பாய்மரப் படகு விசைப்படகாகவே கருதப்படும். பாய்மரப் படகுக்கு உள்ள வழிவிடும் சலுகை அதற்குக் கிடையாது. இரவில் அணியத்தின் இரு பக்கமும் சிவப்பு, பச்சை விளக்குகளோடு வெள்ளை விளக்கும் எரிய வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த விசைப்படகு, முன்னே ஒரு வெள்ளை, பின்னே ஒரு வெள்ளை என்பதற்குப் பதிலாக, எல்லாப் பக்கமும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கை உயரத்தில் ஏற்றலாம். பழைய படகில் இந்த விளக்கு பாய்மரத்தில்தான் இருந்திருக்கும். அதனால் ஒரு சிறு கம்பம் நட்டு, பக்க விளக்குகளுக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டர் உயரத்தில் அதைப் பொருத்த வேண்டும். இரவில் நங்கூரமிட்டிருக்கும்போதும் இதே விளக்கு உதவும்.

வி.எச்.எஃப். வானொலியின் ஆன்டெனாவும் பெரும்பாலும் பாய்மர உச்சியில்தான் இருக்கும். இந்த அலைகள் கண்ணுக்கெட்டும் தூரத்தைச் சற்றே தாண்டிச் செல்பவை. ஆன்டெனாவின் உயரம் குறைந்தால் எட்டும் தூரமும் குறையும். 9 மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்கு இறக்கினால் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கால்வாயில் படகை ஏற்றியிறக்கும் அடுத்த மதகின் காவலரை அழைக்க அது போதும். அகன்ற ஏரியில் உதவி கேட்கப் போதாமற்போகலாம்.

மரத்தை எங்கே வைப்பது?

புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதென்றால் பாய்மரம் வீட்டில் இருக்கலாம். கால்வாயைக் கடந்து மறுமுனையில் பாய்விரிக்க நினைப்பவர் அதைப் படகின் மேலேயே படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். மரச்சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் ஆணியடித்து, முன்னும் பின்னும் தாங்கிகள் நிறுத்துவார்கள். நடுவில் இன்னொன்று இருந்தால் பாய்மரம் வளையாது. கம்பிகளை நீளவாக்கில் சேர்த்துச் சில அடிக்கு ஒரு கட்டுப் போட்டு, ஊசிகளையும் திருகுகளையும் ஒரே பையில் போட்டு மரத்தோடு கட்டிவைப்பார்கள். அந்தப் பை தொலைந்தால், மறுமுனையில் மரத்தை நிமிர்த்தும் வேலை நின்றுவிடும். படுத்த மரத்தின் மேல் தார்ப்பாயைப் போட்டு இரு பக்கமும் இழுத்துக் கட்டினால் மழைக்குக் கூடாரமாகும்.

இந்த ஏற்பாட்டின் சிரமம் மதகுத் தொட்டிகளில் தெரியும். ஈரி கால்வாயில் படகு ஏறியிறங்க 35 தொட்டிகள் உள்ளன. இரு முனையிலும் கதவு கொண்ட கான்கிரீட் தொட்டிக்குள் படகு நுழைந்ததும் பின்கதவு மூடும். நீர்மட்டம் ஏறவோ இறங்கவோ செய்யும். பிறகு முன்கதவு திறக்கும். கிழக்கு முனையில் வாட்டர்ஃபோர்டில் அடுத்தடுத்த ஐந்து தொட்டிகள் படகை 169 அடி உயர்த்துகின்றன. லிட்டில் ஃபால்ஸில் உள்ள ஒரே தொட்டி 40 அடி தூக்கும். அதன் கீழ்க்கதவு மேல்நோக்கி உயர்வதால், நீர் சொட்டும் கதவுக்கு அடியில்தான் படகு நுழைய வேண்டும். தொட்டி நிரம்பும்போது நீர் சுழித்து, படகைச் சுவரை நோக்கித் தள்ளும். படகைவிட நீளமான பாய்மரம் முன்னும் பின்னும் துருத்திக்கொண்டிருந்தால் முதலில் இடிபடுவது அதுதான். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் சுவரில் தொங்கும் கயிற்றைக் கையில் பிடித்தபடி நிற்பது இதற்காகவே. கயிற்றைப் படகில் கட்டிவிடக் கூடாது. நீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கிவிடும்.

ஒரே மோட்டாரை நம்புவது

பாய் இருக்கும் படகில் மோட்டார் நின்றால் பாய் விரிக்கலாம். பாய் இல்லாதபோது மோட்டார் நின்றால் காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் படகு போகும். அணைக்கட்டை ஒட்டிய ஆற்றுப் பகுதியில் இது உயிருக்கே ஆபத்து. ஆகவே நங்கூரம் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்காமல், கயிறு மாட்டிய நிலையில் அணியத்திலேயே இருக்க வேண்டும். மோட்டார் நின்றதும் முதல் வேலை நங்கூரத்தைப் போடுவது, பழுதுபார்ப்பது பிறகு. இரண்டு, மூன்று குதிரைத்திறனில் ஒரு துணை மோட்டாரோ நீளமான துடுப்புகளோ கைவசம் இருப்பது நல்லது. சிறு மோட்டார்கள் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது எரிபொருளில் கலந்த நீரும் அழுக்கும் என்பதால், நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் குழாயில் பொருத்துவார்கள். மாற்று வடிகட்டியும் தீப்பொறிச் செருகியும் கையிருப்பில் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இன்னொன்று. வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சிப் படகைச் சுற்றிலும் துணியால் மூடி, பின்புறத்தை மட்டும் திறந்துவைத்தால், ஓடும் படகின் பின்னே காற்றழுத்தம் குறைந்து, மோட்டாரின் புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. முன்பக்கமும் ஒரு திறப்பு வைத்துக் காற்று ஊடுருவ விட வேண்டும். உள்ளறையில் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் அவசியம்.

திரும்பப் பொருத்த வழி

பாய்மரத்தை நிரந்தரமாகத் துறப்பவர்களும், சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப ஏற்றுபவர்களும் உண்டு. இரண்டாவது வழியைத் திறந்துவைப்பதே புத்திசாலித்தனம். கூரையில் பாய்மரம் நின்ற இடத்துக்கு நேர் கீழே, உள்ளறையில் ஒரு தாங்குதூண் இருக்கும். இடம் கிடைக்கும் என்று அதை அறுத்தெடுத்தால், பின்னர் பாய்மரத்தின் அழுத்தத்தைக் கூரை தாங்காது. கம்பிகள் மாட்டிய இரும்புப் பட்டைகளையும் அப்படியே விட்டுவிட வேண்டும். மின்கம்பி வந்த துளைகளை மட்டும் அடைத்தால் போதும், இல்லையேல் மழைநீர் கூரைத்தட்டுக்குள் இறங்கி உள்ளிருக்கும் மரத்தை உளுக்கச் செய்யும். கழற்றிய பாய்மரத்தை மூன்று இடங்களில் தாங்குகொடுத்துப் படுக்கவைத்து, பாயை எலி அண்டாத இடத்தில் உலர்வாகச் சுருட்டிவைத்தால், படகை விற்கும்போது அது முழுப் படகாகவே விலைபோகும்.